என்ஜினையும் கியர்பாக்ஸையும் வீட்டிலேயே கழுவ எந்த டிகிரீசர்? நான்கு வகைகள் பற்றிய மதிப்பீடு

காரின் என்ஜினையும் கியர்பாக்ஸையும் வெளிப்புறமாகச் சுத்தம் செய்வதற்கென்று விற்கப்படும் டிகிரீசர்கள் எத்தனையோ பெயர்களில் வந்தாலும், உள்ளிருக்கும் சரக்கை வைத்துப் பார்த்தால் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: தண்ணீர் சேர்ந்த காரத்தன்மையுள்ள திரவம், மண்ணெண்ணெய் போன்ற பெட்ரோலியக் கரைப்பான், ஆரஞ்சுத் தோல் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது, பிரேக் கிளீனர் போலச் சட்டென்று ஆவியாகிவிடும் ஸ்பிரே. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு புட்டிகளுக்கு இடையே வேறுபாடு பெரும்பாலும் நிறத்திலும் வாசனையிலும்தான் இருக்கிறது என்பதால், தனித்தனிப் பெயர்களை எடை போடாமல் வகைகளையே இங்கே மதிப்பிடுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். என்ஜினின் மேற்பகுதிக்கு மிதமான காரம் கொண்ட தண்ணீர் வகையே போதும். கியர்பாக்ஸின் அடிப்பாகத்தில் இறுகிப்போன பிசுக்குக்கு அது பயன்படாது. அங்கே கரைப்பானும் சுரண்டியும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே புட்டி போதும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை.

எதைக் கழுவுகிறோம் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும் அழுக்கில் பெரும்பகுதி சாதாரணத் தூசிதான். டேப்பெட் கவரின் ஓரத்திலும் ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றியும் மட்டும் கொஞ்சம் எண்ணெய் படிந்து அந்தத் தூசியைப் பிடித்து வைத்திருக்கும். கீழே நிலைமை வேறு. பல ஆண்டுகளாகச் சொட்டிய என்ஜின் ஆயில், சாலையிலிருந்து தெறித்த மண், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதிலிருந்து சிதறிய கிரீஸ் எல்லாம் சேர்ந்து, சூட்டில் வெந்து, கியர்பாக்ஸ் உடலின் விலா எலும்பு போன்ற வரிகளுக்கு நடுவே விரல் தடிமனுக்கு அடையாக நிற்கும். மேலே இருப்பதைக் கழுவலாம். கீழே இருப்பதை முதலில் பெயர்த்தெடுக்க வேண்டும். எந்தத் திரவமும் அந்த அடையின் வெளித்தோலை மட்டுமே நனைக்கும் என்பதால், சுரண்டாமல் புட்டி புட்டியாகப் பீய்ச்சுவது பணத்தை வடிகாலில் ஊற்றுவதாகவே முடியும்.

தண்ணீர் வகையைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. காரம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வேகமாக எண்ணெய் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதனால் சமையலறை அடுப்புக்கென்று விற்கப்படும், காஸ்டிக் சோடா கலந்த திரவத்தையே என்ஜினுக்கும் அடிக்கிறார்கள். அடுப்பில் படிந்திருப்பது தாவர எண்ணெய் அல்லது விலங்குக் கொழுப்பு. காஸ்டிக் சோடா அதனோடு வினைபுரிந்து அதைச் சோப்பாகவே மாற்றிவிடும் என்பதால் அங்கே அது அற்புதமாக வேலை செய்கிறது. என்ஜின் ஆயிலோ கனிம எண்ணெய் அல்லது செயற்கை எண்ணெய். இவற்றில் பெரும்பாலானவை ஹைட்ரோகார்பன்கள், அவற்றைக் காரம் சோப்பாக்காது. என்ஜின் டிகிரீசரில் உண்மையான வேலையைச் செய்பவை, எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்கவிடும் சர்ஃபேக்டன்ட்களும், பியூட்டாக்ஸி எத்தனால் போன்ற, தண்ணீரோடும் எண்ணெயோடும் ஒத்துப்போகும் கரைப்பான்களுமே. காரம் உதவியாள்தான். ஆகவே காரத்தை ஏற்றிக்கொண்டே போனால் எண்ணெய்க்கு ஏற்படும் சேதத்தைவிட உலோகத்துக்கு ஏற்படும் சேதமே அதிகமாக இருக்கும்.

அந்த உலோகம் அலுமினியம் என்பதுதான் இங்கே முக்கியம். இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட், என்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப், ஆல்டர்னேட்டரின் உடல், கியர்பாக்ஸின் முழு உறை ஆகியவை பெரும்பாலும் அலுமினியக் கலவை வார்ப்புகளே. அலுமினியத்தைக் காற்றிலிருந்து காப்பது அதன் மேல் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்ஸைடு படலம். ஏறக்குறைய 4 முதல் 8.5 வரையிலான பிஎச் அளவில்தான் அந்தப் படலம் நிலையாக இருக்கும். கடுமையான காரம் பட்டால் படலம் கரைந்து, அடியிலுள்ள உலோகமும் ஹைட்ரஜனை வெளியிட்டபடி கரையத் தொடங்கும். சோடியம் சிலிக்கேட் சேர்த்த டிகிரீசர்களில் இந்த அரிப்பு மட்டுப்படும். நல்ல தயாரிப்பாளர்கள் அதைச் சேர்ப்பதன் காரணமும் அதுவே. ஆனால் சேர்த்திருக்கிறார்களா என்பதை அட்டை எப்போதும் சொல்வதில்லை.

அதனால் புதிய புட்டி எதுவாக இருந்தாலும் முதலில் கழித்துப் போட்ட ஓர் அலுமினியத் துண்டின் மேல் சில துளிகளை விட்டுப் பார்ப்பது என் வழக்கம். 'எல்லா உலோகங்களுக்கும் பாதுகாப்பானது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு புட்டியின் திரவத்தை, பெயர் சொல்லத் தேவையில்லை, பழைய தெர்மோஸ்டாட் மூடியின் மேல் விட்டபோது, சிறிது நேரத்துக்கெல்லாம் துளியின் ஓரத்தில் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக எழும்பின. துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வட்டமாகச் சாம்பல் பூத்து, விரலால் தடவும்போது சுண்ணாம்பு போலச் சொரசொரப்பாக இருந்தது. அந்தக் கறை எந்தத் துணிக்கும் அசையவில்லை, ஏனென்றால் அது படிந்த அழுக்கு அன்று, அரித்துப்போன உலோகம். அதே துண்டின் மறுபக்கத்தில் விட்ட வேறொரு மிதமான திரவம் ஒரு தடமும் வைக்கவில்லை. எண்ணெய் அகற்றுவதில் இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கரைப்பான் வகைக்கு வருவோம். மண்ணெண்ணெயை ஒத்த ஒரு பெட்ரோலிய எண்ணெயோடு, தண்ணீர் பட்டதும் பால் போல வெளுத்துக் கரைந்து போகச் செய்யும் ஒரு பொருளைச் சேர்த்தால் அதுவே இந்த வகை. இறுகிய பிசுக்கை ஊறவைத்து இளக்குவதில் இதற்கு இணையில்லை. கியர்பாக்ஸின் அடியில் பிரஷால் பூசிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வந்தால், முதலில் சுரண்டியைத் தடுத்து நின்ற அடை தாராகக் குழைந்து வழிய ஆரம்பித்திருக்கும். அலுமினியத்தையும் இது தொடாது. குறைகள் வேறு பக்கத்தில் இருக்கின்றன. ரேடியேட்டர் தண்ணீர் செல்லும் ஹோஸ்கள் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பரால் ஆனவை; அந்த ரப்பர் சூட்டையும் கூலன்டையும் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். என்ஜின் மவுன்ட்களில் உள்ள இயற்கை ரப்பருக்கும் அதே கதிதான். தவறிப்போய்ச் சிறிது பட்டால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மேலே எல்லா இடத்திலும் பீய்ச்சிவிட்டு ஊறட்டும் என்று விடக்கூடிய திரவம் இது அன்று.

தீ ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயின் ஆவி சுமார் 38 டிகிரி செல்சியஸிலிருந்தே பொறி பட்டால் பற்றும். பொறியே இல்லாமல் தானாகத் தீப்பிடிக்க 220 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும். அப்போதுதான் ஓடி நின்ற காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதைவிடச் சூடாக இருக்க முடியும். பெட்ரோலை இந்த வேலைக்குப் பயன்படுத்துகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். உறைபனியிலும் பற்றிக்கொள்ளும் ஆவி அது.

ஆரஞ்சுத் தோல் எண்ணெய் வகையில் வேலை செய்யும் பொருள் டி-லிமோனீன். எண்ணெயைக் கரைக்கும் திறன் கணிசமானது, வாசனை இனியது, ஆகவே இதை இயற்கையானது, தீங்கற்றது என்று சொல்லி விற்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை ஏற்பதற்கில்லை. லிமோனீனும் சுமார் 48 டிகிரியில் பற்றக்கூடியதே. சில பிளாஸ்டிக்குகளையும் ரப்பர்களையும் இளக்கும். காற்றில் நாள்பட்ட லிமோனீன் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கையுறை இல்லாமல் இதைக் கையாளலாம் என்ற எண்ணம் வாசனையால் வருவது, அவ்வளவே. மண்ணெண்ணெய் நாற்றத்தைத் தாங்க முடியாதவர்களுக்குக் கரைப்பான் வகைக்கு ஏற்ற மாற்று என்ற அளவில் இதைப் பரிந்துரைப்பேன்.

சட்டென்று ஆவியாகும் ஸ்பிரே, பெரும் பரப்புக்கு உரியது அன்று. எல்லாம் கழுவி முடித்த பிறகு, ஒரு பேக்கிங்கின் விளிம்பையோ ஓர் ஆயில் சீலைச் சுற்றியுள்ள வளையத்தையோ பிசுக்கே இல்லாமல் உலர்த்த வேண்டுமானால் அப்போது இதற்கு வேலை உண்டு. வாங்கும்போது குளோரின் சேர்ந்ததா சேராததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளோரின் சேர்ந்த கரைப்பான் எளிதில் தீப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதன் ஆவி மிகச் சூடான உலோகத்திலோ வெல்டிங் சுடரிலோ பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு உருவாகும். சேராதது நன்றாகவே தீப்பிடிக்கும். இரண்டில் எதுவானாலும் ஆறிப்போன என்ஜினில், காற்றோட்டமான இடத்தில் மட்டுமே.

எந்த வகையை எடுத்தாலும் அதன் பலனைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் செய்யும் ஏற்பாடுகள்தான். என்ஜின் கை வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கலாம், அதற்கு மேல் கூடாது; சூடான பரப்பில் திரவம் ஊறுவதற்கு முன்பே காய்ந்து கறையாகிவிடும், கொதிக்கும் வார்ப்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழவும் வாய்ப்புண்டு. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டரின் காற்று நுழைவாய், கம்ப்யூட்டரின் கனெக்டர், இக்னிஷன் காயில்கள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் வளையம் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்கள் தென்பட்டால் அவை உயர் மின்னழுத்தக் கேபிள்கள் என்று பொருள். அத்தகைய காரில் இந்த வேலையை வீட்டில் செய்யாமல் விடுவதே முறை.

தூசியை முதலில் காய்ந்த பிரஷாலேயே தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரவம் சேர்ந்ததும் அது சேறாகி எல்லா இடுக்கிலும் இறங்கும். பிறகு டிகிரீசரைக் கீழிருந்து மேலாக அடிப்பதும், அலசும்போது மேலிருந்து கீழாக அலசுவதும் நல்லது. மேலிருந்து அடித்தால் வழியும் திரவம் கீழே காய்ந்த அழுக்கின் மேல் கோடு கோடாகத் தடம் போடும். அலசுவதற்குத் தோட்டக் குழாயின் மெல்லிய தூறலே போதும். பிரஷர் வாஷரைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை: அந்த வேகத்தில் வரும் நீர் கனெக்டர்களின் ரப்பர் சீலைத் தாண்டும், பேரிங்குகளுக்குள் நுழையும், ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் குழிகளில் தேங்கும். அந்தக் குழியில் நீர் தேங்கினால் மறுநாள் என்ஜின் ஒரு சிலிண்டர் விட்டு ஓடும், அப்போது குறை வேறெங்கோ இருப்பதாகத் தேடிக்கொண்டிருப்போம். ஈரம் நுழைந்துவிட்ட கனெக்டருக்கு டபிள்யூடி-40 பொருத்தமானது. 1953இல் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்கத் தயாரிக்கப்பட்ட அந்தக் கலவையின் மூல வேலையே ஈரத்தை விரட்டுவதுதான். டிகிரீசராக அது சுமார்தான்.

கியர்பாக்ஸுக்கு காரின் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்காகவும் அடியில் தலையை நீட்டக் கூடாது; சமமான கெட்டித் தரையில் ஜாக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, தரையில் ஊன்றிய சக்கரங்களுக்கு அடைக்கட்டை கொடுத்த பிறகே படுக்க வேண்டும். சுரண்டுவதற்கு மரச் சில்லோ கெட்டி பிளாஸ்டிக் சுரண்டியோ எடுத்துக்கொள்ளலாம். வரிகளுக்கு நடுவே நுழைய, முடியைக் குட்டையாக வெட்டிய பெயின்ட் பிரஷ் மிகப் பொருத்தமாக இருக்கிறது. கடைகளில் டிகிரீசரோடு சேர்த்துக் கொடுக்கப்படும் நீள முடி பிரஷ்கள் வளைந்து கொடுத்துத் தடவுகின்றனவே தவிரத் தேய்ப்பதில்லை.

இங்கே இரண்டு இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும். ஒன்று, கியர்பாக்ஸின் மேற்புறத்தில் சிறு மூடியாகவோ மெல்லிய குழாயாகவோ இருக்கும் பிரீதர். ஓட்டத்தில் உள்ளே சூடேறி விரியும் காற்று வெளியேறும் வழி அது. அதன் மேல் பிசுக்கு அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி ஆயிலைச் சீல்கள் வழியே தள்ளும். ஆயில் சீலையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர் இந்த மூடியை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அடைப்பை நீக்க வேண்டும், ஆனால் அதன் வழியே நீர் உள்ளே போய்விடவும் கூடாது. நீர் போனால் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறும். ஆகவே பிரீதரைச் சுற்றித் துணியால் துடைத்து மட்டுமே சுத்தம் செய்யுங்கள். இரண்டாவது, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மணி வடிவ உறை. அதற்குள்தான் கிளட்ச் இருக்கிறது. அந்த உறையில் கிளட்ச் ஃபோர்க் நுழையும் இடத்திலும் அடியிலும் திறப்புகள் உண்டு. அவற்றுக்குள் டிகிரீசரைப் பீய்ச்சினால் கரைந்த எண்ணெய் கிளட்ச் தகட்டின் உராய்வுப் பூச்சில் ஏறி, கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்யக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும். அந்த விளிம்புகளில் துணியை நனைத்துத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி. டிரைவ் ஷாஃப்ட் உறைகள், ரிவர்ஸ் விளக்கின் சுவிட்ச், கியர் கேபிள்களின் குமிழ் மூட்டுகள் ஆகியவற்றுக்கும் கரைப்பான் ஆகாது. மூட்டுகளின் கிரீஸைக் கழுவிவிட்டால் புதிதாக வைக்க வேண்டும்.

வெளிப்புறச் சுத்தத்தோடு சேர்த்து, உட்புறத்தைச் சுத்தம் செய்யும் என்ஜின் ஃபிளஷ் டப்பாவும் அதே அலமாரியில்தான் விற்கப்படுகிறது. மெல்லிய கரைப்பானும் டிடர்ஜென்டும் கலந்த இதைப் பழைய ஆயிலில் ஊற்றி, அட்டையில் சொல்லியபடி சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிட்டு வடிக்கச் சொல்கிறார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றிவரும் என்ஜினுக்கு இது தேவையில்லை. மாற்றாமல் விட்டு உள்ளே கசடு கட்டிப்போன என்ஜினுக்கோ இது ஆபத்து: பெயர்ந்து வரும் கசடு சம்பின் அடியில் உள்ள ஆயில் உறிஞ்சியின் வலையை அடைத்தால் ஆயில் அழுத்தம் விழுந்து பேரிங்குகள் போய்விடும். தேவையில்லாதவருக்குப் பயனின்றி, தேவையானவருக்கு ஆபத்தாக அமையும் ஒரு பொருளுக்கு நான் மதிப்பெண் தருவதற்கில்லை. நல்ல ஆயிலைச் சற்றுக் குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றினாலே கசடு பையப் பையக் கரைந்து வரும். கியர்பாக்ஸுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிக் கழுவும் பழக்கம் இதைவிட மோசமானது. பற்சக்கரங்களுக்கு நடுவே ஆயில் படலம் இல்லாமல் அவை உலோகத்தோடு உலோகமாக உரசும் நேரம் அது. ஆயிலைச் சூட்டோடு வடித்து, வடிகால் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளைத் துடைத்து, கையேட்டில் குறித்த ஆயிலையே ஊற்றினால் உட்புறச் சுத்தம் முடிந்தது. மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்னும் கியர் ஆயில் தரத்தைக் கையேடு சொன்னால் ஜிஎல்-5 இன்னும் உயர்ந்தது என்று எண்ணி மாற்றக் கூடாது. அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் உரசலின்றி விழ உதவும் சின்க்ரோ வளையங்களின் பித்தளையைத் தாக்கக்கூடும்.

கழுவிய பிறகு அடிக்கச் சொல்லும் பளபளப்பு ஸ்பிரேயை வாங்க வேண்டாம். அதிலுள்ள சிலிகோன் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும், ஆவியாகி என்ஜினுக்குள் இழுக்கப்பட்டால் ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும், மேலும் எண்ணெய்ப் பசை போல அடுத்த நாளே தூசியைப் பிடித்து வைக்கும்.

கழுவிய நீரைப் பற்றி எந்தப் புட்டியும் ஒழுங்காகச் சொல்வதில்லை. டிகிரீசர் மக்கும் தன்மை உடையது என்று அச்சிட்டிருந்தாலும், அதோடு வழியும் பழைய ஆயில் மக்கிவிடாது. மழைநீர் வடிகாலில் அதை விடுவது குளத்தில் ஆயிலை ஊற்றுவதுதான். காரின் அடியில் அகலமான தட்டு வைத்து, முதலில் பெயர்ந்து விழும் அடையையும் கரைப்பான் கலந்த கழிவையும் மரத்தூளில் உறிஞ்சவைத்துத் தனியாக எடுத்து, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் சேர்த்துவிட்டால், பின்னால் அலசும் நீரில் எண்ணெய் மிகக் குறைவாகவே இருக்கும். நிறைய நீர் கேட்கும் டிகிரீசர்களுக்கு இந்தக் கணக்கிலும் நான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

இத்தனை பாடும் எதற்கென்றால், சுத்தமான உறையில்தான் கசிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். கழுவி உலர்ந்ததும் சந்தேகமான இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லத் தூவிவிட்டு, காரைச் சிறிது தூரம் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் ஈரமாகிக் கறுத்திருக்கும் மிக உயரமான புள்ளியே கசிவின் மூலம்; அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வழிந்தது. மணி வடிவ உறையின் அடியிலிருந்து சொட்டினால், கறுத்து மெலிந்த ஆயில் என்ஜினின் பின்பக்கச் சீலையும், கந்தக வாடை வீசும் தடித்த ஆயில் கியர்பாக்ஸின் முன்பக்கச் சீலையும் சுட்டும். எந்தச் சீலை மாற்றுவது என்று மெக்கானிக்கிடம் சொல்ல முடிந்தால், கியர்பாக்ஸை இறக்கும்போது தேவையான ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.